நாலு கண் பட்டன்

காலை பத்தே முக்காலுக்குச் சங்கு ஊதியது.

அது ஊத வேண்டிய நேரமே இல்லை. எட்டு மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒருமுறை, ஐந்தரைக்கு ஒருமுறை. அதோடு அந்தச் சங்கின் வேலை முடிந்தது. திடீரென்று அது அலறியதும், தரம் பார்க்கும் மேசையில் குனிந்திருந்த சல்லடையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டு கவிழ்ந்து, பட்டன்கள் சலசலவென்று தரையெல்லாம் ஓடின.

"நெருப்பா?" என்று கத்தினாள்.

"நெருப்புமில்ல, புகையுமில்ல. கோட்டுக்காரர் ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்கிறார்!" என்று வாசல் பக்கமிருந்து குரல் கொடுத்தார் செயலாளர். "மெஷினை எல்லாம் நிறுத்துங்க. இன்னைக்கே கூட்டம், இன்னைக்கே ஓட்டு!"

சல்லடையக்கா தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கத் தொடங்கினாள். ஒரு நாள் அவகாசம் இருக்கிறது, பட்டறையை விற்பதா வேண்டாமா என்று இன்று இரவு யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அந்த ஒரு நாளும் போயிற்று.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது சம்பளப் பட்டியலோடு சரி. பதினாறு வருஷமாகப் பட்டன்களின் தரம் பார்க்கிறாள். விளிம்பில் ஒரு மயிரிழை கீறல் இருந்தாலும் அவள் விரலைத் தாண்டிப் போகாது. அதனால்தான் சல்லடை. அவள் கணவர் அங்கேயே ஃபிட்டர். எந்த மெஷின் மூச்சை நிறுத்தினாலும் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு உயிர் கொடுத்துவிட்டு வருவார்.

ஏழு வருஷத்துக்கு முன் முதலாளி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார். கேட்டில் பூட்டு தொங்கியது. தெருவில் நின்ற நாற்பத்தொரு பேரில் முதலில் சுத்தியலை எடுத்தவர் ஃபிட்டர். பூட்டு உடைந்தது. மெஷின்கள் ஓடின. அன்றிலிருந்து பட்டறைக்கு நாற்பத்தொரு முதலாளிகள், நாற்பத்தொரு தொழிலாளிகள். இருவரும் ஒரே ஆட்கள்.

ஆளுக்கு ஒரு ஓட்டு. வாக்குச்சீட்டு அடிக்க அப்போது யாரிடம் காசு இருந்தது? கையில் இருந்தது பட்டன். நூல் கோக்க ரெண்டு கண் உள்ள பட்டனைப் போட்டால் சம்மதம், நாலு கண் போட்டால் சம்மதமில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் தடவினாலே எத்தனை கண் என்று தெரியும்; எடுத்துப் பார்க்கவே வேண்டாம். மூடியில் ஓட்டை போட்ட ஒரு பெயின்ட் டப்பாவுக்குள் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். நாட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்றால் இங்கே மாசத்துக்கு இரண்டு. டீ இடைவேளை எப்போது, புது ஆளை எடுக்கலாமா, ரேடியோவில் எந்த ஸ்டேஷன் என்று எல்லாவற்றுக்கும் ஓட்டு. அந்த ரேடியோ விஷயம் மட்டும் மூன்று சுற்று போனது. கடைசியில் ரேடியோவே வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று.

ஓட்டுகளை எண்ணுவது எப்போதும் சல்லடையக்காதான். அவளைவிட வேகமாகப் பட்டன் பிரிக்க அங்கே ஆள் இல்லை.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

ஓட்டுப் போடுகிறவர்கள் பட்டனை எங்கிருந்து எடுப்பார்கள்? அவரவர் மேசையிலிருந்துதான். ஏழாம் நம்பர் மெஷினின் ஊசி கொஞ்சம் இடப்பக்கம் சாயும். அதில் போட்ட கண்கள் நடுவில் இருக்காது. மூன்றாம் நம்பர் மெஷினில் கடைந்தது விளிம்பில் சொரசொரக்கும். சாயத்தொட்டியில் வேலை பார்க்கும் சாயக்காரம்மாவின் பட்டனில் அலசாத நிறம் ஒட்டியிருக்கும். செயலாளர் பாதி நாள் பேக்கிங்கில் நிற்பதால் அவர் பட்டனின் முதுகில் பசை. ஃபிட்டருக்கென்று ஒரு மேசை கிடையாது. ஆனால் எந்தப் பட்டனை எடுத்தாலும் அதில் கருப்பு மசகோடு அவர் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும்.

ரகசிய ஓட்டு என்று நாற்பது பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ அது கையெழுத்துப் போட்ட கடிதம் மாதிரி. இரண்டாம் வருஷமே அவளுக்கு இது புரிந்துவிட்டது. சொன்னால் அந்த டப்பாவின் மேலிருக்கிற நம்பிக்கை அன்றைக்கே போய்விடும் என்றும் புரிந்தது. அதனால் வாயைத் தைத்துக்கொண்டாள். 'செயலாளர் பதவிக்கு நான்தான் தகுதி' என்று மார் தட்டியவர், தனக்கு எதிராகத் தானே நாலு கண் போட்ட கதையைக்கூட அவள் யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை.

கூட்டத்துக்குப் போவதற்குள் இடுப்பில் செல்போன் துடித்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன்.

"என்னம்மா, வித்தாச்சா?"

"இன்னும் இல்லண்ணே. இப்பத்தான் போறோம்."

"கண்ணை மூடிக்கிட்டு வித்துடுங்க. உன் வீட்டுக்காரன் வீராப்பெல்லாம் சோறு போடாது. என்னைப் பாரு, பதினெட்டு வருஷமா இந்த நாட்டுல இருக்கேன். ஓட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா ஒண்ணாந்தேதி காலையில சம்பளம் டாண்ணு வந்துடும்."

"ஏதாச்சும் சரியில்லைன்னா என்னண்ணே செய்வீங்க?"

"செய்யறதா?" அண்ணன் சிரித்தான். "பேசாம இருப்போம். அதுக்கும் சேர்த்துத்தானே சம்பளம் தர்றான்!" சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, உன் இருமல் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

பேக்கிங் கூடத்தில் அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி இடம் பண்ணியிருந்தார்கள். கோட்டுக்காரர் நல்ல உயரம், நல்ல வியர்வை. பெரிய தேசத்துப் பெரிய கம்பெனியிலிருந்து பட்டறையை வாங்க வந்திருந்தார். அவர் பேசுவதை அவரோடு வந்த பெண் மொழிபெயர்த்தாள். இந்தப் பக்கத்து மொழி பேசும் பெண்தான். யாரையும் நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டாள்.

"எங்க நாட்டுல கம்பெனி நிர்வாகக் குழுவுல பாதிப் பேர் தொழிலாளிங்க தேர்ந்தெடுத்தவங்க. சட்டமே இருக்கு. அதனால எங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்னு சொல்றார்."

சாயக்காரம்மா நீலமும் பச்சையுமாக இருந்த கையைத் தூக்கினாள். "அப்ப இங்கயும் பாதி இடம் எங்களுக்குத்தானே? நல்லாக் கேட்டுச் சொல்லும்மா."

அந்தப் பெண் கேட்டாள். கோட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னவோ சொன்னார்.

"அந்தச் சட்டம்... அவங்க நாட்டுக்குள்ள மட்டும்தானாம்."

"ஓஹோ. பணத்துக்கு விசா கிடைச்சுடுச்சு, சட்டத்துக்குத்தான் கிடைக்கலையாக்கும்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுக்காரர், 'என்ன, என்ன?' என்று கேட்க, அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆச்சரியம், அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அவர் சொல்றார்: நீங்க கேட்டது நியாயம். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒண்ணு உறுதியாத் தர முடியும். எங்க தொழிற்சாலைகள்ல ஒவ்வொரு மேசைக்கு மேலயும் தூசி உறிஞ்சற குழாய் இருக்கு. எங்க தொழிலாளிங்க கேட்டு வாங்கினது. மூணே மாசத்துல இங்கயும் அதை மாட்டித் தர்றோம். ஒப்பந்தத்துலயே எழுதித் தர்றோம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் ஒரு கணம் சல்லடையக்காவின் பக்கம் திரும்பி மீண்டது. பட்டன் கடையும்போது பறக்கும் வெள்ளைத் தூள் முழுக்க வந்து படிவது அவள் மேசையில்தான். வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. வேறு இடத்தில் உட்கார்ந்தால் கீறல் தெரியாது.

அப்புறம் ஃபிட்டர் எழுந்தார்.

அவர் பேச்சாளர் இல்லை. ஆனால் அன்றைக்குப் பேசினார். பூட்டை உடைத்த நாளைச் சொன்னார். மின்சாரத்தைத் துண்டித்தபோது பதினோரு நாள் கையால் சக்கரம் சுற்றியதைச் சொன்னார். "இங்க யாரும் யாரையும் ஐயான்னு கூப்பிடறதில்ல. கக்கூஸ் போகணும்னா யார்கிட்டயும் டோக்கன் வாங்கறதில்ல. வித்துட்டா ஓட்டுங்கறது அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள் விரல்ல மையா ஆயிடும். மத்த நாளெல்லாம் எட்டு மணியிலேருந்து அஞ்சரை வரைக்கும் நாம யாரு? சொல்லுங்க, யாரு?"

அந்த நேரம் பார்த்துச் சல்லடையக்காவுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. ஃபிட்டர் பேச்சை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். எங்கே விட்டோம் என்பதே மறந்துபோன மாதிரி விழித்தார்.

"அண்ணே, யாருன்னு கேட்டீங்க" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஆங்... நாமதான்" என்று முடித்து உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

சல்லடையக்கா தன் மேசைக்குப் போனாள். ஒரு தட்டில் ரெண்டு கண், இன்னொரு தட்டில் நாலு கண். அவள் மனசு எந்தத் தட்டில் என்று அவளுக்குத் தெரியும். களைத்துப் போயிருந்தாள். மாசத்துக்கு இரண்டு முறை முதலாளியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. யாரோ ஒருவர் கவலைப்பட்டுக்கொள்ளட்டும், நாம் பட்டனைப் பார்ப்போம், ராத்திரி மூச்சு முட்டாமல் தூங்குவோம் என்று இருந்தது. கை ரெண்டு கண் தட்டுக்குத்தான் போனது.

ஆனால் அந்த மனுஷன் இப்போது பேசினாரே! இந்தப் பட்டறை போனால் அவரிடம் என்ன மிஞ்சும்? கட்டின பெண்டாட்டியே கழுத்தை அறுத்தாள் என்று அவருக்குத் தெரியப் போவதில்லைதான். அவளுக்குத் தெரியுமே.

நாலு கண் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாள்.

எண்ணுகிற இடம் சாமான் அறை. சாட்சிக்குச் செயலாளர் பக்கத்தில் நின்றார். டப்பாவைக் கவிழ்த்தாள். நாற்பத்தொரு பட்டன்கள். விரல்கள் தன்பாட்டில் பிரித்தன. கண்கள் தன்பாட்டில் படித்தன.

அலசாத நீலம், நாலு கண். சாயக்காரம்மா சொன்ன சொல்லில் நிற்கிறாள். இடப்பக்கம் சாய்ந்த ஏழாம் நம்பர். வித்துடுவோம், வித்துடுவோம் என்று ஒரு வாரமாகக் காது கிழியக் கத்தியவன், அவன் போட்டிருப்பதோ நாலு கண்! முதுகில் பசை, ரெண்டு கண். செயலாளரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வாய் ஒன்று பேச, கை ஒன்று போடும். இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது அதுதான். அதற்காக யார் மேலும் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. கொஞ்சம் பாசம்தான் கூடியிருக்கிறது.

அடுத்த பட்டனில் கருப்பு மசகு. நடுவில் சுழித்து ஓரத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு கட்டைவிரல் ரேகை. முப்பது வருஷமாக அவள் பிடித்து நடந்த விரல்.

ரெண்டு கண்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரெண்டு கண்தான்.

"என்னக்கா, பட்டன் உடைசலா?" என்றார் செயலாளர்.

"இல்ல. நல்ல பட்டன்தான்."

பிரித்து முடித்தாள். சம்மதம் இருபது. சம்மதமில்லை இருபத்தொன்று.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைத்தால் அது ஒரு பூஜை மாதிரி நேரமெடுக்கும். சல்லடையக்காவின் மடியில், காலையில் தரையிலிருந்து பொறுக்கிய ரெண்டு கண் பட்டன்கள் கை நிறைய இருந்தன. அவளுடைய நாலு கண் அதோ மேலாகவே கிடந்தது. அதை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டால் போதும். கணவர் ஆசைப்பட்டது நடக்கும். அவளும் உள்ளுக்குள் ஆசைப்பட்டதுதான். இதில் திருட்டு எங்கே இருக்கிறது? அவளுடைய ஓட்டு, அவள் மாற்றுகிறாள்!

விரல் பட்டன் மேல் போய் நின்றது.

மற்ற நாற்பது பேரும் அடுத்தவன் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்டார்கள். பார்த்துவிட்டுப் போடுகிற பாக்கியம் அவர்களில் யாருக்குக் கிடைத்தது? அவள் விரலை எடுத்துக்கொண்டாள். மடியிலிருந்த பட்டன்களை அள்ளி மேசையின் அந்தக் கோடியில் கொட்டினாள்.

"எண்ணியாச்சு. நீங்களும் ஒருதடவை எண்ணிக்குங்க" என்றாள்.

முடிவைச் சொன்னதும் கூடம் இரண்டாகிவிட்டது. பாதிப் பேர் குதித்தார்கள். மீதிப் பேர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். குதித்தவர்கள் ஃபிட்டரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் மேலே உட்கார்ந்துகொண்டு, பல்வலிக்காரன் போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி சிரித்தார்.

"இறக்குங்கடா, விழுந்து வைக்கப் போறேன்!"

"விழுந்தா நீங்களே உங்களை ரிப்பேர் பண்ணிக்குங்க அண்ணே!"

கோட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கினார். சாயக்காரம்மாவிடம் வந்ததும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஒரு ஓட்டுல தோத்தா எங்க நாட்டுல அழ மாட்டோம், அடுத்த வருஷம் திரும்பி வருவோம்னு சொல்றார்."

"தாராளமா வரட்டும். வரும்போது அந்தச் சட்டத்தையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரச் சொல்லு." சாயக்காரம்மா அந்தப் பெண்ணின் கையை விடவில்லை. "நீ சாப்பிட்டியா? காலையிலேருந்து ரெண்டு பேருக்காகப் பேசிட்டிருக்கே. வா, முதல்ல சாப்பிடு."

ஐந்தரைச் சங்கு ஊதியதும் கணவனும் மனைவியும் நடந்தார்கள். வீடு இருபது நிமிஷ நடை. மழை பெய்து விட்டிருந்தது, குழிகளில் தண்ணீர். வழக்கமாக அவர் முன்னால் போவார், அவள் பின்னால் போவாள். இன்று அவர் அவளுக்குச் சமமாக நடந்தார். குழி வந்த இடத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்ச ஆளு மாதிரியே தெரியலையே" என்றாள் அவள்.

"களைப்பா இருக்கு."

"தோள்ல உட்கார்ந்து வந்ததுக்கே களைப்பா?"

தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டினார்கள். அவளுக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். இருமல் அடங்கின பிறகும் கையை எடுக்கவில்லை.

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. 'தெரியும், எனக்காகத்தான் ரெண்டு கண் போட்டீங்க' என்று சொல்லிவிட்டால் அவர் மனசு லேசாகும். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார். கேட்டால் இத்தனை வருஷமும் வெளியே வரும். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள். நாளைக்கே கூட்டத்தைக் கூட்டி, நம் ஓட்டு ரகசியமில்லை என்று சொல்லிவிடுவார். அப்புறம் டப்பாவுக்குள் யார் மனசைப் போடுவார்கள்? வாயைத்தான் போடுவார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது" என்றார் அவர்.

"சொல்லுங்க."

"நான் இன்னைக்கு ரெண்டு கண்ணுதான் போட்டேன்."

அவள் குழியைப் பார்த்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அவ்வளவு பேசிட்டா?"

"பேசினதெல்லாம் நிஜம். ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல. ஆனா நடுவுல நீ இருமினே பாரு. யாருன்னு கேட்டுட்டு நின்னேன். எனக்கே என்னைத் தெரியலை." பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பட்டறையைக் காப்பாத்தினவன்னு தோள்ல தூக்கறானுங்க. ஒருத்தன் முகத்தையும் பார்க்க முடியலைம்மா எனக்கு."

"போட்டது உங்க ஓட்டு. அதுக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

"அது மட்டுமில்ல." அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான். "ரெண்டு வருஷம் முன்னாடி, தூசிக் குழாய் வாங்கறதா, புதுசா துளை போடற மெஷின் வாங்கறதான்னு ஒரு ஓட்டு வச்சோம். குழாய் ஒரே ஒரு பட்டன்ல தோத்துச்சு. அந்த மெஷின் இல்லைன்னா அன்னைக்குப் பட்டறை படுத்திருக்கும், குழாயை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். அடுத்த வருஷம் வரவே இல்ல. நீ பக்கத்துல படுத்து இருமறே, நான் சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருக்கேன். அந்த ஒரு பட்டன், அந்த நாலு கண்ணு, நான் போட்டதும்மா."

மசகு ஏறிக் கருத்திருந்த அவர் கட்டைவிரலை அவள் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தெரியுங்க. அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு நாலு கண்ணு கிடந்துச்சே, அது நான் போட்டது."